பூனையைக் காப்பது என்றால் எதைக் காப்பது?

போன மாசியில் நெல்லிக்குப்பம் பக்கம் எங்கள் சித்தப்பா வயலில் கரும்பு வெட்டு நடந்தது. நடுவயலுக்கு வந்தபோது வெட்டு ஆட்களில் ஒருவர் காய்ந்த கரும்புச் சோகைக் குவியலுக்குள் மூன்று குட்டிகளைப் பார்த்தார். கண் திறந்திருந்தன, ஆனால் சரியாக நடக்கத் தெரியவில்லை. மணல் நிறம், உடம்பில் மங்கலான கோடுகள். யாரோ கைப்பேசியில் படம் எடுத்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் அந்தப் படம் "சிறுத்தைக் குட்டிகள்" என்ற தலைப்போடு மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் எனக்கே வந்து சேர்ந்துவிட்டது.

சாயங்காலம் பேச்சு சூடு பிடித்தது. "சிறுத்தை இல்லைங்க, காட்டுப்பூனை. அழிஞ்சுக்கிட்டு வர்ற இனம். வண்டலூருக்குக் கொண்டுபோய் வளர்க்கணும்" என்றார் ஒருவர். "பாண்டிச்சேரி பெரிய மார்க்கெட்ல மீன் பக்கம் போய்ப் பாருங்க, கால் வைக்க இடமில்லாம பூனை. பூனையாவது அழியறதாவது" என்றார் இன்னொருவர். இரண்டு பேருமே அக்கறையோடுதான் பேசினார்கள். ஆனால் "அழிவு", "காப்பாற்றுவது" என்ற இரண்டு சொற்களையும் நாம் எவ்வளவு மேலோட்டமாகப் புரிந்துவைத்திருக்கிறோம் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

சித்தப்பா போனில் கேட்டார்: "ஏம்ப்பா, நீ இதெல்லாம் படிக்கிறவன். இப்ப இந்தக் குட்டிங்களை நான் என்னதான் செய்யறது?" அவசரத்தில் இரண்டு வரியில் பதில் சொன்னேன். அந்த இரண்டு வரிக்குப் பின்னால் இருக்கும் விஷயத்தைப் பொறுமையாகச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எந்தப் பூனையைப் பற்றிப் பேசுகிறோம்?

வீட்டுப் பூனையும் புலியும் சிங்கமும் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்தில் உலகம் முழுவதும் சுமார் 40 இனங்கள் இருக்கின்றன. புலி, சிங்கம், சிறுத்தை போன்ற பெரியவற்றைத் தள்ளிவிட்டால், மீதியில் 33 இனங்களைச் சிறு காட்டுப் பூனைகள் என்று கணக்கு வைக்கிறார்கள். இந்தியாவில் மட்டும் அவற்றில் பத்து இனங்கள் உண்டு.

சித்தப்பா வயலில் கிடைத்தவை காட்டுப்பூனைக் குட்டிகள். பழந்தமிழில் வெருகு என்பார்கள். பெயரில் காடு இருந்தாலும் அடர்ந்த காட்டை அது விரும்புவதில்லை. ஏரிக்கரை நாணல், கோரை, புதர்க்காடு, கரும்புத் தோட்டம் இவைதான் அதன் வீடு. வீட்டுப் பூனையைவிடக் கால் நீளம், வால் குட்டை. எலிதான் முக்கியமான சாப்பாடு.

வேறு இரண்டு பூனைகளையும் அறிமுகம் செய்துவிடுகிறேன். துரும்பன் பூனை உலகிலேயே மிகச் சிறிய காட்டுப் பூனைகளில் ஒன்று. நன்றாக வளர்ந்ததும் ஒன்றரைக் கிலோ அளவுதான் இருக்கும். இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறெங்கும் அது கிடையாது. இன்னொன்று மீன்பிடிப் பூனை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசப்போகிறோம். அப்புறம், நம் ஊர்களில் ஓட்டு வீட்டுக் கூரையில் இரவில் ஓடும் மரநாயும், புனுகுப்பூனையும் இந்தக் குடும்பமே இல்லை. பெயரால் வந்த குழப்பம் அது.

மார்க்கெட்டில் சுற்றும் பூனைகளுக்கும் இந்தப் பேச்சுக்கும் என்ன தொடர்பு? அவை எல்லாம் ஒரே ஓர் இனம், வீட்டுப் பூனை. தெருவெல்லாம் நாட்டுக்கோழி மேய்வதால், அருகிப்போன கானமயில் என்ற பறவை அழியாது என்று சொல்ல முடியுமா? அதே கணக்குதான். ஒன்று பெருகியிருப்பது இன்னொன்றைக் காப்பாற்றாது. சில சமயம் கெடுக்கவும் செய்யும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏரியின் மட்டமும் அது இறங்கும் வேகமும்

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு வீராணம் ஏரியின் மட்டம் பழக்கமான செய்தி. முழுக் கொள்ளளவு 47.50 அடி. இன்றைக்கு 44 அடி என்று சொன்னால் அது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? வெறும் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது 44 அடி என்றால் நிம்மதி. வரத்து நின்று, நாளுக்கு நாள் இறங்கி வந்து 44 என்றால் கவலை. விவசாயி மட்டத்தையும் பார்ப்பார், அது எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதையும் பார்ப்பார்.

உயிரினங்களுக்கும் இப்படி ஒரு மட்டக்கோல் இருக்கிறது. அதன் பெயர் சிவப்புப் பட்டியல். 1948இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1964 முதல் இதைப் பராமரிக்கிறது. ஓர் இனம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்பதை இந்தப் பட்டியல் படிப்படியாகப் பிரிக்கிறது. மேலே "கவலை குறைந்தது". அதன் கீழ் "அச்சுறுத்தலை நெருங்கியது". பிறகு "அழிவாய்ப்பு உள்ளது", "அருகியது", "மிக அருகியது". கடைசியில் "அழிந்தது".

எந்தப் படியில் வைப்பது என்பதற்குத் தெளிவான விதிகள் உண்டு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், குட்டி போடும் வயதுக்கு வந்தவை 1,000க்குக் கீழே போனால் அழிவாய்ப்பு, 250க்குக் கீழே அருகியது, 50க்குக் கீழே மிக அருகியது. இது மட்டம். வேகத்துக்குத் தனி அளவு: பத்து ஆண்டுகள் அல்லது மூன்று தலைமுறைகள், இவற்றில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் எத்தனை சதவீதம் குறைந்தது என்று பார்ப்பார்கள். இதனால்தான் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஓர் இனம்கூட வேகமாகக் குறைந்தால் ஆபத்துப் படிக்கு இறங்கிவிடுகிறது.

இந்த மட்டக்கோலை வைத்துப் பார்த்தால், நம் வயல் காட்டுப்பூனை "கவலை குறைந்தது". துரும்பன் பூனை "அச்சுறுத்தலை நெருங்கியது". மீன்பிடிப் பூனை "அழிவாய்ப்பு உள்ளது". ஆக, குட்டிகளை வண்டலூருக்கு அனுப்பச் சொன்னவரின் கணக்கு தவறு.

சுருக்கமாகச் சொன்னால்: பூனை என்பது ஓர் இனம் அல்ல, பல இனங்கள். ஒவ்வொன்றின் ஆபத்தும் வேறு. அந்த ஆபத்தை அளக்க எண்ணிக்கை மட்டும் போதாது, அது குறையும் வேகமும் வேண்டும்.

வற்றும் ஏரியில் குட்டைகள்

இனி அழிவு எப்படி நடக்கிறது என்பதற்கு வருவோம். பெரும்பாலானவர்கள் நினைப்பது, யாரோ வேட்டையாடிக் கொன்று தீர்த்துவிடுகிறார்கள் என்று. வேட்டை ஒரு காரணம்தான். ஆனால் சிறு பூனைகளை அரித்துத் தின்னும் காரணம் பெரும்பாலும் சத்தமே இல்லாதது.

சித்திரையில் ஓர் ஏரி வற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஒரே சீராக இறங்காது. மேடுகள் முதலில் தலைகாட்டும். ஒரே ஏரி இருபது குட்டைகளாகப் பிரியும். அன்றைக்கு மீன்களை எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை பெரிதாகக் குறைந்திருக்காது. ஆயிரம் மீன் இருந்த ஏரியில் குட்டைக்கு ஐம்பது வீதம் அதே ஆயிரம் இருக்கும். ஆனால் நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. ஒரு குட்டையை நாரைக்கூட்டம் கண்டுபிடித்துவிடும். ஒன்று வெயிலில் சூடேறிவிடும். இன்னொன்றை ஊர்ப் பிள்ளைகள் சேற்றோடு கலக்கிவிடுவார்கள். ஒவ்வொரு குட்டையும் தனித்தனியாகச் சாகும். ஐப்பசி மழை வந்து குட்டைகள் மறுபடி ஒன்றானால், மிஞ்சியவை பெருகி ஏரியை நிரப்பிவிடும். ஒன்றாகவே இல்லையென்றால்?

காட்டு விலங்குகளுக்கு நடப்பது இதேதான். ஒரு விலங்கு பிழைக்கத் தேவையான இரை, தண்ணீர், மறைவு, குட்டி போடும் இடம் எல்லாம் சேர்ந்த நிலப்பரப்பை வாழிடம் என்கிறோம். அந்த வாழிடத்தின் குறுக்கே சாலையும் மனைப்பிரிவும் பண்ணையும் வந்து, அதைச் சிறு சிறு துண்டுகளாக்குவதற்கு வாழிடத் துண்டாதல் என்று பெயர். விலங்குக்கு அது குட்டை. மழை வந்து சேர்த்துவைக்காத குட்டை.

மீன்பிடிப் பூனையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கண்டால் ஓடும் பூனையைத்தான் நமக்குத் தெரியும். இது தண்ணீருக்குள் தலையை விட்டு மீன் பிடிக்கும், நீந்தும். விரல்களுக்கு இடையில் ஓரளவு சவ்வு உண்டு. உள்முடி அடர்த்தியாக இருப்பதால் தோல் வரைக்கும் நனையாது. அலையாத்திக் காடும் நாணல் படர்ந்த சதுப்பும் அதன் இடம். மேற்கு வங்கத்தின் மாநில விலங்கு அது. ஆந்திரத்தில் கோதாவரி முகத்துவாரத்துக் கோரிங்கா அலையாத்தியிலும், ஒடிசாவின் சிலிகா ஏரியிலும் இருக்கிறது. 2022இல் சிலிகாவில் தானியங்கிக் கேமராக்கள் வைத்துக் கணக்கெடுத்து 176 என்று மதிப்பிட்டார்கள். தானியங்கிக் கேமரா என்றால், விலங்கு எதிரே கடக்கும்போது தானே படமெடுக்கும் பெட்டி. ஒவ்வொரு பூனையின் புள்ளி வரிசையும் நம் கைரேகை போல வேறுபடும், அதை வைத்து எண்ணுவார்கள்.

இந்தப் பூனைக்குப் பெரிய எதிரி எது தெரியுமா? சதுப்பு நிலம் "சும்மா கிடக்கும் நிலம்" என்ற நம் எண்ணம். சும்மா கிடப்பதாகத் தோன்றியதால் அதை இறால் பண்ணையாக்கினோம், மண் கொட்டி மேடாக்கினோம். கடலூர், நாகை கடற்கரை மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1990களில் இறால் பண்ணைகள் பரவி, வயலும் குடிநீரும் உப்பாகி, காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11 அன்று கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் இருந்த அப்படிப்பட்ட பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அது மனிதர்களின் நிலத்துக்கும் தண்ணீருக்கும் நடந்த போராட்டம். ஆனால் சதுப்பும் கழியும் பிழைத்தால் அங்கே வாழும் எல்லாம் பிழைக்கின்றன. இதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் மனிதருக்கு ஒரு கணக்கு, பூனைக்கு ஒரு கணக்கு என்று சதுப்பு நிலத்தைப் பிரிக்கவே முடியாது.

வட்டிக்கு வட்டி

சரி, துண்டாகிப் போனாலும் ஒவ்வொரு துண்டிலும் பத்து இருபது பூனைகள் இருக்கின்றனவே, அவை பெருகாதா? பெருகலாம். ஆனால் எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால், குறைவே இன்னும் குறைவை உண்டாக்கத் தொடங்கும். கந்துவட்டிக்குக் கடன் வாங்கியவர் வட்டியைக் கட்ட இன்னொரு கடன் வாங்குவது போல. முதலில் கடன் வாங்கிய காரணம் தீர்ந்த பிறகும் கடன் தீராது. இதைச் சிறுகூட்டச் சுழல் என்று சொல்லலாம். இந்தச் சுழலை மூன்று விசைகள் சுற்றுகின்றன.

முதலாவது, தற்செயல். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் தாத்தா காலத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஒரே நாளில் வேரோடு சாய்ந்தன. ஆனாலும் பலா என்ற மரம் அழிந்துவிடவில்லை, ஏனென்றால் அது வேறு பல ஊர்களிலும் இருந்தது. உலகத்தில் இருந்த பலா மரம் அத்தனையும் பண்ருட்டியில் மட்டும் இருந்திருந்தால்? ஒரே துண்டில் மிச்சமிருக்கும் பூனைக்கு ஒரு புயல், ஒரு காட்டுத்தீ போதும்.

இரண்டாவது, நெருங்கிய உறவில் சேர்வது. பிரசவத்துக்கு முன் மருத்துவர் "சொந்தத்தில் கல்யாணமா?" என்று கேட்பது நமக்குப் பழக்கம். காரணம் எளிது. எல்லா உயிரும் சில குறைபாட்டுப் பண்புகளை வெளியே தெரியாமல் சுமக்கிறது. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் அதே குறைபாடு வந்தால்தான் அது பிள்ளையிடம் வெளிப்படும். இருவரும் ஒரே குடும்பமாக இருந்தால் அதற்கு வாய்ப்பு கூடும். விலங்குகளில் இதை உட்கலப்பு என்பார்கள். பதினைந்து பூனைகள் ஒரு துண்டு நிலத்தில் தலைமுறை தலைமுறையாக அடைபட்டால் எல்லாமே சொந்தமாகிவிடும். குட்டிகள் குறையும், பிறந்தவை நோஞ்சானாகும்.

மூன்றாவது, நோய். உறவுக்குள்ளேயே பிறந்தவற்றின் நோய் எதிர்ப்பு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றைச் சாய்க்கும் கிருமி எல்லாவற்றையும் சாய்த்துவிடும்.

இந்த மூன்றும் ஒன்றையொன்று தள்ளிவிடும். நோயில் ஐந்து சாகும், மிஞ்சிய பத்தில் உறவு இன்னும் நெருங்கும், குட்டி குறையும், அடுத்த வெள்ளத்தில் இரண்டு போகும். அதனால்தான் "கடைசிப் பூனை செத்த நாள்" என்பது அழிவு நடந்த நாள் அல்ல. அழிவு அதற்குப் பல வருடம் முன்பே, சுழல் சுற்றத் தொடங்கிய நாளில் தீர்மானமாகிவிடுகிறது. காப்பாற்றுவது என்றால் அந்தச் சுழலை நிறுத்துவது.

ஸ்பெயினில் ஒரு பூனை திரும்பி வந்த கதை

நிறுத்த முடியுமா? முடியும். ஐபீரிய லின்க்ஸ் என்ற பூனையை எடுத்துக்கொள்வோம். ஸ்பெயினும் போர்ச்சுகலும் அதன் நாடு. காது நுனியில் கறுப்பு முடிக்கொத்து, கன்னத்தில் தாடி போன்ற முடி, புள்ளி உடம்பு. பத்து கிலோவுக்குக் கொஞ்சம் மேலே எடை.

2002 வாக்கில் கணக்கெடுத்தபோது நூற்றுக்கும் குறைவாகவே இருந்தன. அதுவும் தெற்கு ஸ்பெயினில் தோனியானா, அந்தூஹார் என்ற இரண்டே துண்டுகளில். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வழியில்லை. மிக அருகியது என்ற படி. நாம் மேலே பார்த்த சுழல் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

ஏன் குறைந்தது? முதல் காரணம் முயல். இந்தப் பூனையின் சாப்பாட்டில் பெரும்பங்கு காட்டு முயல்தான். 1950களில் முயல்களுக்கு ஒரு கொள்ளை நோய் வந்தது. 1980களின் இறுதியில் இன்னொன்று வந்தது. முயல் போனது, பின்னாலேயே பூனையும் போனது. நம் வழக்கில் சொன்னால், அரிசி வராத ஊரில் எத்தனை நல்ல வீடு கட்டிக் கொடுத்தும் பயனில்லை. இதோடு வேட்டையும், கண்ணியும், சாலையில் அடிபடுவதும் சேர்ந்தன.

மீட்பு வேலை எங்கே தொடங்கியது என்று பாருங்கள். பெரிய பெரிய வேட்டைப் பண்ணைகளின் சொந்தக்காரர்களோடு உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டார்கள்: முயலைச் சுடாதீர்கள், கண்ணி வைக்காதீர்கள், புதரை அழிக்காதீர்கள். முயல் வளை தோண்ட வசதி செய்தார்கள், முயல் இல்லாத இடத்துக்கு முயல் கொண்டுவந்து விட்டார்கள். பூனைத் திட்டத்தில் பாதி வேலை முயல் வேலை! சாலைக்கு அடியில் கடக்கும் வழிகள் கட்டினார்கள். இரண்டு துண்டுகளின் ரத்தம் கலக்க வேண்டும் என்பதற்காக 2007இல் அந்தூஹாரிலிருந்து ஓர் ஆண் பூனையைத் தோனியானாவுக்குக் கொண்டுபோனார்கள். குட்டைக்கும் குட்டைக்கும் வாய்க்கால் வெட்டியது போல.

அதே ஆண்டு தோனியானாவில் பூனைகளுக்கு வரும் ரத்தப் புற்று வைரஸ் பரவிச் சில லின்க்ஸ்கள் இறந்துபோயின. அந்த வைரஸ் வீட்டுப் பூனைகளிடம் சாதாரணமாகக் காணப்படுவது. தடுப்பூசி, நோயுற்றவற்றைப் பிரித்து வைப்பது என்று போராடித்தான் அதை அடக்கினார்கள்.

இதற்கு இணையாகக் கூண்டில் வளர்ப்பதும் நடந்தது. தோனியானாவில் உள்ள மையத்தில் 2005 மார்ச்சில் சலியேகா என்ற தாய் மூன்று குட்டிகள் போட்டது. கூண்டில் பிறந்த முதல் ஐபீரிய லின்க்ஸ் குட்டிகள் அவை. ஊரே கொண்டாடியது. ஆறு வாரம் கழித்துக் குட்டிகள் தங்களுக்குள் கடுமையாகச் சண்டை போட்டு ஒன்று செத்துப்போனது. உயிரைக் கொடுத்து உழைத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் அதிலிருந்து, அந்த வயதில் இந்தச் சண்டை இந்த இனத்துக்கு இயல்பு என்று கற்றுக்கொண்டு, அடுத்த ஈற்றுகளில் அந்த நாட்களில் இரவும் பகலும் கண்காணித்துப் பிரித்தார்கள்.

கூண்டில் பிறந்ததைக் காட்டில் கொண்டுபோய் விட்டால் பிழைத்துவிடுமா? வேட்டையாடத் தெரிய வேண்டும், மனிதரைக் கண்டால் விலகத் தெரிய வேண்டும். அதனால் வளர்ப்பவர்களோடு பழகாதபடி வைத்து, உயிருள்ள முயலைப் பிடிக்கப் பழக்கினார்கள். முயல் போதுமான அளவு இருக்கும் இடம் என்று உறுதியான பிறகே திறந்துவிட்டார்கள். ஓர் இனம் முன்பு வாழ்ந்து இல்லாமல் போன இடத்தில் அதை மறுபடி குடியேற்றுவதை மறு அறிமுகம் என்கிறோம். 2010 முதல் 400க்கு மேற்பட்ட லின்க்ஸ்கள் இப்படி விடப்பட்டிருக்கின்றன.

பலன்? குட்டி போடும் வயதுக்கு வந்தவை 2001இல் 62. 2022இல் 648. குட்டிகளையும் சேர்த்தால் இன்று 2,000க்கு மேல். 2005இல் 449 சதுர கிலோமீட்டருக்குள் சுருங்கியிருந்த இடம் 3,320 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2015இல் "மிக அருகியது" படியிலிருந்து ஒரு படி ஏறியது, 2024இல் இன்னொரு படி ஏறி "அழிவாய்ப்பு" நிலைக்கு வந்தது. மீன்பிடிப் பூனை இருக்கும் அதே படி.

இந்தக் கதையில் கூண்டு ஒரு பகுதிதான். முயலும் புதரும் பண்ணைக்காரரின் சம்மதமும் இல்லாமல் இருந்திருந்தால், கூண்டில் ஆயிரம் பூனை பிறந்திருந்தாலும் அவை கூண்டுப் பூனைகளாகவே இருந்திருக்கும். "மிருகக்காட்சிச் சாலையில் வளர்த்தால் இனம் பிழைத்துவிடும்" என்பது பாதி உண்மை. விதைநெல்லைக் குதிரில் பத்திரமாக வைக்கலாம், வைக்கவும் வேண்டும். விதைக்க வயல் வேண்டாமா?

பாலில் தண்ணீர்

சாவு இல்லாமலே ஓர் இனம் அழிய முடியும். ஸ்காட்லாந்துக் காட்டுப் பூனைக்கு நடந்தது அது. பார்க்க வரிப்பூனை மாதிரியே இருக்கும், ஆனால் தடித்த வால், முரட்டு உடம்பு. வீட்டுப் பூனைக்கு நெருங்கிய உறவு என்பதால் இரண்டும் சேர்ந்தால் குட்டி பிறக்கும், அந்தக் குட்டிகளுக்கும் குட்டி பிறக்கும். காட்டில் துணை கிடைக்காத பூனை ஊருக்குள் வந்து வீட்டுப் பூனையோடு சேர்ந்தது. இப்படி ஓர் இனத்தின் தனித்தன்மை மற்றொன்றில் கரைவதைக் கலப்பினமாதல் என்கிறோம்.

டெல்டாக்காரர்களுக்கு உம்பளச்சேரி மாட்டை வைத்துச் சொன்னால் விளங்கும். உம்பளச்சேரிப் பசுவுக்கு ஜெர்சி ஊசி போட்டுக் கன்று பிறக்கிறது. தொழுவத்தில் மாடுகளின் எண்ணிக்கை குறையவே இல்லை. ஆனால் இரண்டு மூன்று தலைமுறை கழித்துத் தேடினால் உம்பளச்சேரி இருக்காது. யாரும் அதைக் கொல்லவில்லை.

2019இல் ஆய்வாளர்கள், ஸ்காட்லாந்துக் காட்டில் மிச்சமிருக்கும் கூட்டம் தானாகப் பிழைக்கும் நிலையைத் தாண்டிவிட்டது என்று அறிவித்தார்கள். அதன் பிறகு கூண்டில் வளர்த்த பூனைகளை 2023இல் கேர்ன்கார்ம்ஸ் மலைப்பகுதியில் விடத் தொடங்கினார்கள். 2024இல் அவை காட்டிலேயே குட்டி போட்டதும் உறுதியானது. ஆனால் பூனையை விடுவதற்கு முன் அவர்கள் செய்த வேலையைக் கவனியுங்கள்: சுற்றியுள்ள ஊர்களில் வீட்டுப் பூனைகளுக்கும் தெருப் பூனைகளுக்கும் கருத்தடையும் தடுப்பூசியும். பெரிய மார்க்கெட் பூனைகளை வைத்து "அழிவு எங்கே?" என்று கேட்டவருக்கு இதுதான் என் பதில். கட்டுப்பாடில்லாமல் பெருகும் வீட்டுப் பூனை, காட்டுப் பூனைக்கு நோயையும் கொண்டுபோகும், சில இனங்களைக் கரைத்தும் விடும்.

ஆக இதுவரை: இரை, இணைந்த வாழிடம், கலப்பில்லாத வம்சம், நோய்த் தடுப்பு, பக்கத்தில் வாழும் மக்களின் சம்மதம். பூனையைக் காப்பது என்று நாம் சொல்வது இவற்றைக் காப்பதைத்தான்.

நட்டால் மட்டும் வராத காடு

வாழிடத்தை மீட்பது என்றதும் "மரக்கன்று நடுவோம்" என்று கிளம்பிவிடுகிறோம். இதற்கு நம் பிச்சாவரத்திலேயே பாடம் இருக்கிறது. முன்பு அங்கே அலையாத்தி மரங்களைக் கூறு கூறாக வெட்டியபோது, வெட்டிய இடத்து மண் உலர்ந்து அமுங்கிப் பள்ளமானது. கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் திரும்ப வடியவில்லை. தேங்கி, வெயிலில் ஆவியாகி, உப்பு ஏறியது. அந்த உப்பில் கண்டலும் சுரபுன்னையும் முளைக்க முடியவில்லை. எத்தனை கன்று நட்டாலும் காய்ந்துதானே போகும்?

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து 1990களில் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வந்து, இறக்கத்தில் வெளியே போனது. உப்பு கழுவப்பட்டது, காடு பிடித்துக்கொண்டது. 2022இல் பிச்சாவரம் ராம்சார் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. படகில் போகும்போது இரண்டு பக்கமும் வேர் இறங்கி நிற்கும் அந்தப் பச்சையைப் பார்க்கிறவர்கள், அதற்குப் பின்னால் ஒரு வாய்க்கால் கணக்கு இருப்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கரும்பு வயலுக்குத் திரும்புவோம்

காட்டுப்பூனை "கவலை குறைந்தது" என்றேன். அது உலகக் கணக்கு. எகிப்திலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரந்து கிடக்கும் இனம் அது. ஆனால் ஓர் ஊரின் ஏரிக்கரை நாணல் போய், புதர் போய், நான்குவழிச் சாலை வந்து, எலி மருந்து தின்ற எலியைத் தின்று பூனையும் செத்தால், அந்த ஊரில் அது இல்லாமல் போய்விடும். இதற்கு உள்ளூர் அழிவு என்று பெயர். எந்தப் பட்டியலிலும் ஏறாது. எலி பெருகும்போதுதான் விவசாயிக்குத் தெரியும்.

குட்டிகளைப் பார்த்தால் செய்ய வேண்டியது இதுதான். தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஆள் நடமாட்டத்தால் பக்கத்தில் எங்கோ பதுங்கியிருக்கும். குட்டிகளைத் தூக்கிக் கொஞ்சாதீர்கள், பால் ஊற்றாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். வனத்துறைக்குச் சொல்லுங்கள். குட்டிகள் கிடந்த இடத்தைச் சுற்றி வேலையை நிறுத்துங்கள், நாய்களைக் கட்டிப் போடுங்கள், இருட்டியதும் எல்லோரும் விலகிவிடுங்கள். சோகைக்குத் தீ வைப்பதாக இருந்தால் அதற்கு முன் ஒருமுறை வயலைச் சுற்றிச் சத்தம் போட்டுப் பாருங்கள்.

அன்றைக்குச் சித்தப்பாவிடம் நான் சொன்ன இரண்டு வரி: "எடுத்த இடத்திலேயே வைங்க சித்தப்பா. அந்த நாலு பாத்தியை மட்டும் ரெண்டு நாள் விட்டு வைங்க."

வனத்துறை ஆளும் வந்து பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். வெட்டு ஆட்களுக்குக் கூலி நாள் கணக்கு, ஆலைக்கு லாரி போக வேண்டிய நெருக்கடி. இருந்தும் அவர்கள் வயலின் மறு ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டு வந்தார்கள். முதல் நாள் இரவுக்குப் பிறகு பார்த்தபோது இரண்டு குட்டிகள் இல்லை. ஒன்று மட்டும் சோகைக்குள் சுருண்டு கிடந்தது. "ஒண்ணை விட்டுட்டுப் போயிடுச்சுப்பா" என்று சித்தப்பா கவலையோடு போன் செய்தார். இன்னொரு ராத்திரி பொறுத்துப் பாருங்கள் என்றேன். மறுநாள் விடியற்காலையில் போனபோது சோகை கலைந்து கிடந்தது, குட்டி இல்லை. ஈர மண்ணில் வாய்க்கால் ஓரமாக, பக்கத்து வயல் கரும்பை நோக்கிப் பெரிய பூனையின் காலடித் தடம் மட்டும் இருந்தது. அந்தப் பக்கத்து வயல்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் சித்தப்பா வீட்டுக்கு வந்தார்.